திறமை என்றொரு ஜோக்கர்

ரம்மியில் ஜோக்கருக்கு என்று சொந்தமாக ஒரு மதிப்பு கிடையாது. கையில் எந்தச் சீட்டு குறைகிறதோ, அந்த இடத்தில் செருகிக்கொள்ள வேண்டியதுதான். ஆன்லைன் ரம்மி கம்பெனிகளும் பல வருடங்களாக இப்படி ஒரு ஜோக்கரை வைத்துக்கொண்டுதான் பிழைத்தன. அந்த ஜோக்கரின் பெயர் 'திறமை'. போலீஸ் வந்தால் திறமை. அரசாங்கம் சட்டம் போட்டால் திறமை. கோர்ட்டில் திறமை, டிவி விளம்பரத்தில் திறமை. கடன் வாங்கி ஆடி, எல்லாம் போய், உயிரையே விட்டவர்களைப் பற்றி 2020 முதல் தமிழ்நாட்டுப் பத்திரிகைகளில் வரிசையாகச் செய்தி வந்தபோதும் அதே பதில்தான்: இது திறமை விளையாட்டு, சூதாட்டம் இல்லை.

2025 ஆகஸ்டில் மத்திய அரசு பணம் வைத்து ஆடும் எல்லா ஆன்லைன் விளையாட்டையும் ஒரே வீச்சில் தடை செய்தது. 20-ஆம் தேதி மக்களவை, 21-ஆம் தேதி மாநிலங்களவை, 22-ஆம் தேதி குடியரசுத் தலைவரின் ஒப்புதல். இந்தியாவில் ஒரு சட்டம் மூன்றே நாளில் முடிவதெல்லாம் அபூர்வம்! திறமையா அதிர்ஷ்டமா என்ற கேள்வியையே அந்தச் சட்டம் கேட்கவில்லை. பணம் கட்டினால், பணத்தை எதிர்பார்த்து ஆடினால், அது பண விளையாட்டு, அவ்வளவுதான். ஜோக்கரைக் கட்டிலிருந்தே தூக்கி எறிந்த மாதிரி. உடனே எழுந்த கூக்குரலில் பாதி, "திறமையை அரசு தண்டிக்கிறது" என்பது. இந்த வாதத்தைத்தான் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. அதில் இருக்கும் ஓட்டைகளைப் பார்த்தால், இத்தனை வருடம் அது எப்படி நின்றது என்பதுதான் ஆச்சரியம்.

முதலில், ரம்மியில் திறமை இருக்கிறதா? இருக்கிறது. இதை மறுப்பவர்கள் சீட்டுக்கட்டைத் தொட்டே பார்க்காதவர்கள். கல்யாண மண்டபத்து மாடியில் ராத்திரி பத்து மணிக்கு ஜமுக்காளம் விரித்து உட்காரும் கோஷ்டியைப் பார்த்தாலே தெரியும். யார் எந்தச் சீட்டை எடுத்தார், எதைக் கழித்தார் என்று ஞாபகம் வைத்திருக்கும் பெரியப்பா ஒருவர் எப்போதும் இருப்பார். எப்போது ஸ்கூட் விடுவது, எப்போது துணிந்து ஆடுவது என்பது அவருக்கு அத்துப்படி. பக்கத்தில் ரம்மியே சேராமல் கை நிறைய ராஜாவும் ராணியும் வைத்துக்கொண்டு ஃபுல் வாங்கும் மாமாவும் இருப்பார். வித்தியாசம் திறமைதான், சந்தேகமே இல்லை.

ஆனால் அந்த ஜமுக்காளத்தில் என்னென்ன இல்லை என்றும் பார்க்க வேண்டும். ஆடுகிற பணத்தில் கமிஷன் எடுக்க ஆள் இல்லை. மாமா விட்ட நூறு ரூபாய் பெரியப்பாவின் சட்டைப் பைக்குப் போய், காலையில் எல்லோருக்கும் டிபனாகத் திரும்பி வந்துவிடும். விடிந்தால் முகூர்த்தம், எழுந்தே ஆக வேண்டும். ரொம்ப நேரமானால் அத்தை வந்து நின்று ஒரு பார்வை பார்ப்பார். அந்த ஒரு பார்வைக்கு இணையான பாதுகாப்பு வசதியை எந்த ஆப்பும் இதுவரை கண்டுபிடிக்கவில்லை.

சரி, கோர்ட் விஷயத்துக்கு வரலாம். கம்பெனிகள் எப்போதும் எடுத்துக் காட்டும் ஆதாரம், 1968-ஆம் ஆண்டு வழக்கு என்று வக்கீல்கள் குறிப்பிடும் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. செகந்திராபாத்தில் ஒரு கிளப்பில் காசு வைத்து ரம்மி ஆடியவர்களைப் போலீஸ் பிடித்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. ரம்மி, மூணு சீட்டு மாதிரி முழுக்க முழுக்க அதிர்ஷ்டம் இல்லை. விழுந்த சீட்டுகளை நினைவில் வைக்க வேண்டும், எதை வைப்பது எதைக் கழிப்பது என்று யோசிக்க வேண்டும். பிரிட்ஜ் ஆட்டத்தைப் போல இதிலும் திறமைக்கே பெரும்பங்கு என்று நீதிமன்றம் சொன்னது. கம்பெனிகள் மேற்கோள் காட்டுவது இந்த இடம் வரைக்கும்தான்.

அதே தீர்ப்பு அதற்கு மேலும் பேசுகிறது. சீட்டுக்கட்டுக்கும் உட்கார இடத்துக்கும் கிளப் சாதாரணமாக ஒரு கட்டணம் வாங்கினால் தப்பில்லை. ஆனால் பந்தயம் வைத்து ஆடும் ரம்மியிலிருந்து கிளப் நடத்துபவர் லாபம் பார்க்கிறார் என்று சாட்சியம் இருந்தால், குற்றம் நிரூபணமாகலாம் என்றும் சொல்லியிருக்கிறது. ஆன்லைன் ரம்மி கம்பெனியின் மொத்த வருமானமே எது? ஒவ்வொரு ஆட்டத்திலும் பந்தயப் பணத்திலிருந்து பிடித்துக்கொள்ளும் பங்கு! எந்தத் தீர்ப்பைக் கேடயமாகப் பிடித்தார்களோ, அதன் பின்பக்கத்தில் இவர்களுடைய பிசினஸைப் பற்றித்தான் எழுதியிருக்கிறது. விளம்பரத்தில் பாதித் தீர்ப்பு மட்டும் வந்ததற்குக் காரணம் இடப்பற்றாக்குறையாக இருக்காது.

இந்தப் பங்கு என்ன செய்யும் என்பதற்குக் கணக்கு மேஜர் தேவையில்லை, எட்டாம் வகுப்புக் கணக்கே போதும். சமமான திறமை உள்ள இரண்டு பேர் ஆளுக்கு நூறு ரூபாய் வைத்து ஆடுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேசையில் இருநூறு. கம்பெனி பத்து சதவீதம், அதாவது இருபது ரூபாய் எடுத்துக்கொண்டால், ஜெயித்தவருக்கு நூற்றெண்பது. அவருக்கு லாபம் 80, தோற்றவருக்கு நஷ்டம் 100. பத்து ஆட்டத்தில் ஆளுக்கு ஐந்து ஜெயித்தால், இருவருமே தலைக்கு நூறு ரூபாய் நஷ்டத்தில் எழுந்து போவார்கள். இருநூறு ரூபாய் கம்பெனிக்கு. போட்ட பணத்தைக் காப்பாற்றிக்கொள்ளவே நூறு ஆட்டத்தில் ஐம்பத்தாறு ஜெயிக்க வேண்டும். கல்யாண மண்டபத்தில் கலைத்து, பங்கிட்டு, சண்டை போட்டு ஆடுவதற்கு நேரம் ஆகும். போனிலோ கலைக்கிற வேலையே இல்லை. சில நிமிடத்தில் ஓர் ஆட்டம் முடிந்து அடுத்தது தயாராக நிற்கும். ஒரு ராத்திரியில் எத்தனை ஆட்டம், எத்தனை இருபது ரூபாய் என்று பெருக்கிப் பார்த்தால் தலை சுற்றும்.

"அதனால்தான் சொல்கிறோம், திறமையை வளர்த்துக்கொள்ளுங்கள்" என்று கம்பெனி சொல்லும். இங்கேதான் அந்த வாதம் தன் காலிலேயே தடுக்கி விழுகிறது. ஆப் யாரை யாரோடு ஆட விடுகிறது? இரண்டே வழிதான். சமமான ஆட்களைச் சேர்த்து விட்டால், இருவர் திறமையும் ஒன்றுக்கொன்று கழிந்துபோய், மிச்சம் நிற்பது யாருக்கு எந்தச் சீட்டு விழுந்தது என்பது மட்டுமே. அது அதிர்ஷ்டம். சமமில்லாதவர்களைச் சேர்த்து விட்டால், புதிதாக வந்தவர் பழம் தின்று கொட்டை போட்டவருக்கு இரை. அது வேட்டை. இரண்டிலும் கம்பெனியின் இருபது ரூபாய் மட்டும் நிச்சயம். செஸ்ஸில் சமமான இருவர் மோதினால் டிரா ஆகும், யாரும் யாருடைய பணத்தையும் இழக்க மாட்டார்கள். சீட்டில் டிரா கிடையாது.

இதில் இன்னொரு வேடிக்கை. பல ரம்மி தளங்கள், "எங்கள் சீட்டுக் கலைப்பு முழுக்க ரேண்டம்" என்று ஆய்வுக்கூடச் சான்றிதழ் வாங்கி முகப்பில் மாட்டி வைத்திருந்தன. அதாவது சீட்டு விழுவது சுத்தமான அதிர்ஷ்டம் என்பதற்கு முத்திரை குத்திய சான்றிதழ்! அதற்குப் பக்கத்திலேயே கொட்டை எழுத்தில், இது திறமை விளையாட்டு.

மகாபாரதத்துக் கதை எல்லோருக்கும் தெரியும். சபையில் நடந்த ஆட்டத்தில் திறமை இல்லை என்று யாராவது சொல்ல முடியுமா? ஏராளமாக இருந்தது. ஆனால் அது சகுனியிடம் இருந்தது. தருமன் ஆட ஆசைப்பட்டவன். ஆடத் தெரிந்தவன் இல்லை. நாடு போனது, தம்பிகள் போனார்கள், கடைசியில் பாஞ்சாலியையும் வைத்தான். இன்றைய கம்பெனிகளின் வக்கீல்கள் அந்தச் சபையில் இருந்திருந்தால், இது திறமை விளையாட்டு, சபை தலையிட உரிமை இல்லை என்று விதுரனை உட்கார வைத்திருப்பார்கள். திறமை இருக்கிறதா என்பதல்ல கேள்வி, யாருடைய திறமை என்பதுதான்.

வள்ளுவர் இதில் இன்னும் கறார். 'சூது' என்று தனி அதிகாரமே வைத்தார், 94-ஆவது. தோற்றுப் போவாய், எனவே ஆடாதே என்றுதான் அவர் ஆரம்பித்திருப்பார் என்று நினைப்பீர்கள். இல்லை. அவருடைய முதல் குறளின் எதிர்ப்பு வெற்றிக்கு! ஜெயித்தாலும் வேண்டாம், அந்த ஜெயிப்பே மீன் விழுங்கும் தூண்டில் மாதிரி என்கிறார். முதலில் சேர்ந்தால் போனஸ் பணம், பழக இலவச ஆட்டம், தொடக்கத்தில் சின்னச் சின்ன வெற்றி... ஆப் டிசைனர்கள் கண்டுபிடித்ததாக நினைத்துக்கொள்ளும் சமாச்சாரத்தை ஒன்றே முக்கால் அடியில் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். (ஒரு துணுக்கு: கள்ளுண்ணாமை, சூது, மருந்து என்று அடுத்தடுத்து மூன்று அதிகாரங்கள். வரிசை போட்டவருக்கு நகைச்சுவை உணர்ச்சி கொஞ்சம் அதிகம் போல.)

தமிழ்நாடு இந்த விஷயத்தில் பட்ட பாடு ஒரு தொடர்கதை. 2003-லேயே லாட்டரியைத் தடை செய்த மாநிலம் இது. 2020 நவம்பரில் ஆன்லைன் சூதாட்டத்துக்கு எதிராக அவசரச் சட்டம். 2021-இல் அது சட்டமானது. அதே ஆண்டு ஆகஸ்ட் 3-ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2022-இல் ஓய்வு பெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் குழு, அக்டோபரில் மறுபடி அவசரச் சட்டம், அதே மாதம் சட்டசபையில் மசோதா. ஆளுநர் பல மாதம் வைத்திருந்து 2023 மார்ச்சில் திருப்பி அனுப்பினார். சபை மீண்டும் நிறைவேற்றியது. ஏப்ரல் 10-ஆம் தேதி ஒப்புதல் வந்தது. நவம்பரில் உயர் நீதிமன்றம் சட்டத்தை விட்டுவைத்தது, ஆனால் ரம்மியையும் போக்கரையும் அதிலிருந்து எடுத்துவிட்டது. காரணம்? வேறென்ன, திறமை! ஆன்லைனில் ஆடுவதற்கும் நேரில் ஆடுவதற்கும் வித்தியாசம் உண்டு என்பதை அரசு போதிய ஆதாரத்தோடு காட்டவில்லை என்றும் சொன்னது. கோர்ட்டைக் குறை சொல்லி என்ன பயன்? ஆதாரம் திரட்ட வேண்டிய அரசு வெறும் கையோடு போய் ஸ்கூட் விட்டுவிட்டு வந்தது.

அப்புறம் நடந்ததுதான் கம்பெனிகளின் முகத்தைத் துல்லியமாகக் காட்டியது. தடை செய்ய முடியாவிட்டால் ஒழுங்குபடுத்தலாம் என்று 2025 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு விதிகள் கொண்டு வந்தது. பதினெட்டு வயது ஆகியிருக்க வேண்டும், ஆதார் மூலம் ஆளைச் சரிபார்க்க வேண்டும், நள்ளிரவு பன்னிரண்டிலிருந்து காலை ஐந்து மணி வரை பணம் வைத்து ஆடக் கூடாது. இவ்வளவுதான் முக்கியமான சங்கதி. இதையும் எதிர்த்துக் கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போயின! ஜூன் 3-ஆம் தேதி உயர் நீதிமன்றம் அந்த மனுக்களைத் தள்ளுபடி செய்து விதிகளை உறுதி செய்தது. ஒரு நிமிடம் யோசியுங்கள். பொழுதுபோக்கு என்றால், மூளைக்கு வேலை என்றால், இருபத்துநான்கு மணி நேரத்தில் பத்தொன்பது மணி நேரம் போதாதா? தூங்க வேண்டிய அந்த ஐந்து மணி நேரத்துக்காக வக்கீல் வைத்து வாதாடுகிற அளவுக்கு அங்கே என்ன இருந்தது? விட்டதைப் பிடிக்கிறேன் என்று போர்வைக்குள் போன் வெளிச்சத்தில் விழித்திருப்பவன் இருந்தான். நல்ல வாடிக்கையாளர் அவன்தான்.

கம்பெனிகளைத் திட்டிவிட்டு அரசைத் தப்ப விடுவதும் நியாயமில்லை. 2023 அக்டோபர் 1 முதல், பந்தயத்துக்காகக் கட்டும் முழுத் தொகைக்கும் 28 சதவீதம் ஜிஎஸ்டி என்று மத்திய அரசு ஆக்கியது. அதாவது மேசையில் இன்னொரு ஆளும் உட்கார்ந்துவிட்டார். வரி போட்ட வேகத்தில் ஆடுபவர்களின் பாதுகாப்புக்கு விதி போட ஆள் இல்லை. கடைசியில் தடைச் சட்டம் கொண்டு வந்தபோது அதே அரசு சொன்ன மதிப்பீடு, சுமார் 45 கோடிப் பேர் வருடத்துக்கு 20,000 கோடி ரூபாய் இழக்கிறார்கள் என்பது. அந்த இழப்பின் மீது இரண்டு வருடம் வரி வசூலித்ததும் அவர்களேதான்.

விளம்பரம் இன்னொரு கூத்து. "இதில் நிதி இழப்பு அபாயம் உண்டு, அடிமையாக்கக் கூடும்" என்ற எச்சரிக்கை கட்டாயம் என்று விளம்பரத் தர நிர்ணய அமைப்பு போட்ட விதி 2020 டிசம்பரில் அமலுக்கு வந்தது. சாதாரணப் பேச்சு வேகத்தில் சொல்ல வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. கிரிக்கெட் இடைவேளையில் அந்த எச்சரிக்கையைக் கேட்டவர்களுக்குத் தெரியும், சாதாரண வேகம் என்றால் கம்பெனிகளின் அகராதியில் என்ன அர்த்தம் என்று. நடிகரும் கிரிக்கெட் வீரரும் சிரித்துக்கொண்டே அழைப்பது மட்டும் நிதானமாகக் கேட்டது.

தடைக்கு எதிரான வாதங்களில் மதிக்க வேண்டியவையும் உண்டு. பந்தயமும் சூதாட்டமும் அரசியலமைப்பில் மாநிலப் பட்டியலில் இருப்பவை, மத்திய அரசுக்கு என்ன வேலை என்ற கேள்வி நியாயமான கேள்வி. அந்த வழக்குகளை 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தன்னிடமே மாற்றிக்கொண்டது. வேலை இழந்த இளைஞர்களின் வருத்தமும் உண்மை. கோடு எழுதியவனும் கஸ்டமர் கேரில் உட்கார்ந்தவளும் சகுனி இல்லை. "இங்கே மூடினால் வெளிநாட்டுத் தளத்துக்குப் போவார்கள்" என்பதும் கொஞ்சம் பேர் விஷயத்தில் உண்மைதான். ஆனால் கோடிக்கணக்கானவர்களை உள்ளே இழுத்தது அவர்களுடைய சூதாட்ட வெறி அல்ல. டிவியில் தெரிந்த முகம், போனில் ஒரு ஆப், யுபிஐயில் ஒரு தட்டு. இந்த மூன்றும் இல்லாமல், முகவரி தேடி, குறுக்கு வழியில் பணம் அனுப்பி ஆடப் போகிறவர்கள் அதே எண்ணிக்கையில் இருப்பார்கள் என்று நம்ப முடியாது. புதிய சட்டம் கை வைத்ததும் சரியாக அங்கேதான்: நடத்துபவருக்கு மூன்று வருடம் வரை சிறை அல்லது ஒரு கோடி வரை அபராதம் அல்லது இரண்டும், விளம்பரத்துக்கு இரண்டு வருடம் வரை, பணம் கடத்தும் வங்கிக்கும் பிடி. ஆடுபவருக்குத் தண்டனை இல்லை. தமிழ்நாட்டின் 2022 சட்டம் ஆடுபவரையும் மூன்று மாதம் உள்ளே வைக்கலாம் என்றது. ஏமாந்தவனையே பிடித்து உள்ளே போடுவது எந்த ஊர் நியாயமோ!

இந்த ரகளையில் யாரும் பேசாத ஒரு கூட்டம் இருக்கிறது: உண்மையிலேயே கேம் ஆடுகிறவர்கள். மகன் கம்ப்யூட்டரில் கால்பந்து ஆடினாலும், நண்பர்களோடு சேர்ந்து சுட்டு விளையாடினாலும், "இவனும் ரம்மி ஆடிக் கடனாளி ஆகிவிடுவானோ" என்று அம்மாக்கள் பயப்படும் நிலை எப்படி வந்தது? ரம்மிக்காரர்கள் 'கேமிங்' என்ற சொல்லைத் திருடிக்கொண்டதால் வந்தது. வருடக்கணக்கில் உட்கார்ந்து ஒரு கேமை உருவாக்குபவனும், ஐம்பத்திரண்டு சீட்டையும் ஒரு பணப்பெட்டியையும் திரையில் காட்டுபவனும் ஒரே தொழில்துறை என்று மாநாடு போட்டார்கள். புதிய சட்டம் இ-ஸ்போர்ட்ஸ், சமூக விளையாட்டு, பண விளையாட்டு என்று மூன்றாகப் பிரித்தது அந்த அளவில் பெரிய நிம்மதி.

அதற்காகக் கேம் கம்பெனிகள் எல்லாம் உத்தமர்கள் என்றும் இல்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் காசு கொடுத்துத் திறக்கும் 'லூட் பாக்ஸ்' பெட்டிகளைப் பெல்ஜியம் 2018-இலேயே சூதாட்டம் என்றது. ஜப்பான் அதற்கும் முன்பே, 2012-இல், இதே வகையைச் சேர்ந்த 'கொம்ப்பு காச்சா' என்ற முறையை நிறுத்த வைத்தது. அங்கே திறமை என்ற ஜோக்கரைக்கூட யாரும் எடுத்து நீட்டவில்லை, "குழந்தைகளுக்கான ஆச்சரியப் பெட்டி" என்றார்கள். இந்தியாவில் ரம்மி ஆப்களை மூடிய கையோடு அடுத்து கவனிக்க வேண்டிய கதவு அதுதான்.

திறமைக் கோஷ்டியைச் சோதிக்க எளிமையான வழி ஒன்று உண்டு. பணத்தை எடுத்துவிட்டால் எத்தனை பேர் மிச்சம்? பணமே இல்லாமல் செஸ் பல நூற்றாண்டுகளாக ஆடப்படுகிறது. ரயிலில் சூட்கேஸை நடுவில் வைத்து, பைசா இல்லாமல் ரம்மி ஆடிக்கொண்டே சென்னையிலிருந்து டெல்லி வரை போகிறார்கள். புதிய சட்டம் அந்த ரம்மியைத் தடுக்கவே இல்லை. ஆப் கம்பெனிகளும் இன்றைக்கே இலவசமாக ரம்மி நடத்தலாம், திறமையை வளர்க்கலாம், கோப்பை கொடுக்கலாம். ஆனால் 2025 ஆகஸ்டில் சட்டம் வந்த சில நாளிலேயே பெரிய கம்பெனிகள் பண ஆட்டங்களை நிறுத்திவிட்டு, ஆட்களை வீட்டுக்கு அனுப்பத் தொடங்கின. திறமை அப்படியே இருந்தது. இருபது ரூபாய்தான் போய்விட்டது.